மிஸ்டர்: வில்லியம் கார்பட் உண்டாக்கிய வேலை

இத்தாலியில் பத்து வயதுப் பொடியன்கள் ஆடும் பேட்டைக் கிளப்புக்குப் போங்கள், அல்லது நாட்டின் உச்சக் கால்பந்து லீக்கான சீரி ஆ அணி ஒன்றின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் எட்டிப் பாருங்கள். பயிற்சியாளரை ஆட்டக்காரர்கள் கூப்பிடுவது 'மிஸ்டர்' என்றுதான். 'அல்லெனத்தோரே' என்று முறையான இத்தாலியச் சொல் இருக்கிறது. பத்திரிகையில் அது வரும், ஒப்பந்தப் பத்திரத்தில் வரும். நேரில் வாய் திறந்து கூப்பிடும்போது மட்டும் மிஸ்டர். நம் மைதானங்களில் 'கோச் சார்' என்பது மாதிரி. ஆனால் 'கோச் சார்' யாரிடம் தொடங்கியது என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. இத்தாலியர்கள் ஓர் ஆளைக் காட்டுவார்கள்: 1912ல், 29 வயதில், ஜெனோவா துறைமுக நகரத்துக்கு வந்து சேர்ந்த முன்னாள் இங்கிலீஷ் கால்பந்து ஆட்டக்காரர் வில்லியம் கார்பட்.

முன்னாள் ஆட்டக்காரர் பயிற்சியாளராவது இன்று ஆச்சரியமே இல்லை. சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, உதவிப் பயிற்சியாளர், ஜூனியர் அணி என்று படிகள் இருக்கின்றன. கார்பட் காலத்தில் ஏறுவதற்கு ஏணியும் இல்லை, ஏறிப் போய் உட்கார நாற்காலியும் இல்லை. கால்பந்தைக் கண்டுபிடித்த நாட்டில் 'பயிற்சியாளர்' என்று இன்று நாம் நினைக்கும் வேலையே கிடையாது. அதை அவர் வெளியூரில் செய்துகாட்டினார். சொந்த ஊரில் அவரை யாருக்கும் தெரியாமல் போனதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நான்கு பவுண்டு

கார்பட் பிறந்தது 1883 ஜனவரியில், இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் பக்கத்து ஹேசல் குரோவில். பட்டாளத்தில் சேர்ந்து ராயல் ஆர்டிலரி பீரங்கிப் படையில் இருந்தார். பந்து அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது. 1903ல் ரெடிங், 1905 கடைசியில் வூல்விச் ஆர்சனல், 1908ல் பிளாக்பர்ன் ரோவர்ஸ். வலது விங்கர். கோட்டை ஒட்டி ஓடி, எதிராளியைத் தாண்டி, நடுவில் நிற்பவருக்குப் பந்தைத் தூக்கிப் போடுவது அவர் வேலை. 1906, 1907 இரண்டு ஆண்டும் ஆர்சனல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போனது; அந்த அணியில் இருந்தார். பெரிய நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்து அணிக்கு ஆடவில்லை. நல்ல முதல் டிவிஷன் ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

அவரைப் போன்றவர்களின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பணம் வாங்கி ஆடுவது 1885லேயே சட்டபூர்வமாகிவிட்டது. ஆனால் 1901லிருந்து ஒரு ஆட்டக்காரருக்கு வாரம் நான்கு பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று உச்சவரம்பு. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவித்தால்தான் இன்னொரு கிளப்புக்குப் போகலாம். ஆலைத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் நான்கு பவுண்டு நல்ல காசுதான். கால் இருக்கிற வரைக்கும். கால் போனால்? ஓய்வூதியம் இல்லை. நீண்ட காலம் ஆடியவருக்காக ஒரு ஆட்டம் நடத்தி வசூலைக் கொடுப்பார்கள். அதை வைத்து மதுக்கடை எடுத்தவர்கள் ஏராளம்; பழைய ஆலைக்கே திரும்பியவர்களும் உண்டு.

பிளாக்பர்னில் காயங்கள் கார்பட்டைப் பிடித்துக்கொண்டன. 1911 ஜனவரியில் ஃபால்கர்க் கிளப்பிலிருந்து ஜாக் சிம்ப்ஸன் என்ற வலது விங்கரைப் பெரிய தொகைக்கு வாங்கிப்போட்டது பிளாக்பர்ன். அதே இடம், இவரைவிட இளையவர், நல்ல காலோடு இருப்பவர். அடுத்த ஆண்டே பிளாக்பர்ன் லீக் சாம்பியன் ஆனது. கார்பட்டின் ஆட்டக்கார வாழ்க்கை முடிந்துவிட்டது. கையில் வேறு தொழில் கிடையாது.

ஊரிலேயே பயிற்சி வேலை பார்த்திருக்கலாமே என்று தோன்றும். அன்றைய இங்கிலீஷ் கிளப்பில் 'டிரெய்னர்' என்று ஒருவர் இருப்பார்தான். கையில் வாளி, பஞ்சு. அடிபட்டவன்மேல் குளிர்ந்த தண்ணீர் பிழிவார், தைலம் தேய்த்து விடுவார், வாரநாட்களில் மைதானத்தைச் சுற்றி ஓடவும் நடக்கவும் வைப்பார். பந்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள். வாரமெல்லாம் பந்தைத் தொடாதவனுக்குத்தான் சனிக்கிழமை பந்துமேல் பசி இருக்கும் என்பது அங்கே கேள்வி கேட்காத நம்பிக்கை. அணியைத் தேர்ந்தெடுப்பது இயக்குநர்கள். கணக்கு வழக்கு செயலாளரிடம். ஆட்டத்தைச் சொல்லித்தர முடியும் என்றே யாரும் நினைக்கவில்லை. ஒன்று பிறவியிலேயே வரவேண்டும், இல்லாவிட்டால் வராது.

தண்ணீர், கம்பு, கயிறு

ஜெனோவா கிளப்பை 1893ல் தொடங்கியதே அங்கே வசித்த ஆங்கிலேயர்கள்தான். முதலில் கிரிக்கெட்டும் தடகளமும். கால்பந்தைக் கொண்டுவந்து, இத்தாலியர்களையும் உள்ளே சேர்த்தவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ்லி என்ற டாக்டர். 1898 மே 8 அன்று டூரினில், ஒரே நாளில், நான்கு அணிகளோடு இத்தாலியின் முதல் சாம்பியன்ஷிப் நடந்து முடிந்தது, ஜெயித்தது ஜெனோவா. 1904க்குள் ஆறு பட்டங்கள். பிறகு வறட்சி. வெர்செல்லி என்ற சின்ன ஊரின் பையன்கள், ப்ரோ வெர்செல்லி அணி, மற்ற எல்லோரையும் ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மராஸி பகுதியில் 1911ல் புது மைதானம் திறந்தாயிற்று, பட்டம்தான் இல்லை. அப்போது கிளப் செய்த காரியம், ஆட்டத்தைச் சொல்லித்தருவதற்கென்றே சம்பளத்துக்கு ஒருவரை வைத்தது.

கார்பட் வந்து செய்தவற்றில் பலரும் முதலில் சொல்வது, டிரெஸ்ஸிங் ரூம் ஷவரில் வெந்நீர் வர வைத்தது. அது சாதாரண விஷயமில்லை. குளிர்காலத்தில், சேற்றில் ஆடிவிட்டு, வியர்வையோடு வீட்டுக்குப் போகிறவன் அடுத்த நாள் பயிற்சிக்கு வரமாட்டான். வெந்நீர் இருந்தால் வருவான். குளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசவும் செய்வான். ஆட்டத்தைப் பற்றிப் பேச ஓர் இடம் அங்கே தானாகவே உண்டாகிவிடும்.

மைதானத்தில் வரிசையாகக் கம்புகளை நட்டார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பையும் இடமும் வலமுமாக வளைந்து கடக்க வேண்டும். இன்று நம்மூர்ப் பள்ளி மைதானத்தில் பிளாஸ்டிக் கோன் வைத்துச் செய்கிறார்களே, அதேதான். வேகமாக ஓடுபவன் மூன்றாவது கம்பிலேயே பந்தைத் தொலைத்துவிடுவான்; சின்னச் சின்னத் தொடுதலாக, பந்தைக் கால்பக்கத்திலேயே வைத்திருப்பவன் கடைசிக் கம்பு வரை போவான். விங்கராக இருந்தவருக்கு இது உடம்பிலேயே தெரிந்த விஷயம். இன்னொரு பக்கம் கயிற்றில் பந்தைக் கட்டி உயரத்தில் தொங்கவிட்டார். குதித்து நெற்றியால் முட்ட வேண்டும். எட்டிவிட்டால் கயிறு இன்னும் கொஞ்சம் மேலே போகும். இரண்டு காலாலும் உதைக்கப் பழக்கினார். உயரத் தூக்கி அடித்துவிட்டுத் துரத்துவதை விட்டு, கிட்டத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடச் சொன்னார்.

இதில் மேதைத்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, சொல்லப்போனால் அதுதான் எனக்குப் பிடித்தது. புதிய ஆட்டமுறை எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. தனக்கு இங்கிலாந்தில் வாரநாட்களில் மறுக்கப்பட்ட பந்தை இவர்களுக்கு வாரநாட்களில் கொடுத்தார். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் குமாஸ்தா வேலையோ வேறெதுவோ பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஒழுங்கு, நேரம், வாயில் பைப் வைத்தபடி கோட்டுக்கு வெளியே நின்று அதிகம் பேசாமல் பார்க்கும் ஒரு மனிதர். பெயர் சொல்லிக் கூப்பிடத் தயக்கம், பதவிக்குப் பெயரும் இல்லை. 'மிஸ்டர்' என்றார்கள்.

ஸ்பெயினிலும் பயிற்சியாளரை 'மிஸ்டெர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே அதற்குக் காரணமானவராகச் சொல்லப்படுவது ஃப்ரெட் பென்ட்லண்ட், இவரும் பழைய இங்கிலீஷ் ஆட்டக்காரர். ஆக, சொல் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலைமுறையே இப்படிக் கப்பல் ஏறியிருக்கிறது. கிளாஸ்கோவின் செல்டிக்கில் ஆடிய ஜான் மேடன் 1905லிருந்து கால் நூற்றாண்டு பிராகில் ஸ்லாவியாவைப் பார்த்துக்கொண்டார். ஜிம்மி ஹோகன் வியன்னா, புடாபெஸ்ட் என்று போனார். இங்கிலாந்தின் கோல் இயந்திரமாக இருந்த ஸ்டீவ் புளூமரே ஜெர்மனிக்கும் பிறகு ஸ்பெயினுக்கும் போனவர்தான். ஊரில் வேலை இருந்திருந்தால் இத்தனை பேர் போயிருப்பார்களா?

செக்கும் வங்கிக் குமாஸ்தாவும்

கார்பட் பணம் வாங்கிப் பழகிய உலகத்திலிருந்து வந்தவர். இத்தாலியிலோ ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பது குற்றம். ஜெனோவா கிளப் அந்தக் கோட்டைத் தாண்டியது. 1913ல் பக்கத்து எதிரி அணியான ஆந்த்ரேயா தோரியாவிலிருந்து சான்டமரியா, சார்டி என்ற இருவரை இழுத்துக்கொண்டது. கொடுத்தது காசோலை. அவர்கள் மாற்றப்போன வங்கியில், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தோரியாவின் ஆள் என்றும், விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது என்றும் கதை. இருவருக்கும் தடை விழுந்தது, பிறகு தளர்ந்தது. அதே வருடம் மிலானிலிருந்து பின்கள ஆட்டக்காரர் ரென்ஸோ தெ வெக்கி வந்தார். 16 வயதில் தேசிய அணிக்கு ஆடி 'கடவுளின் மகன்' என்று பட்டம் வாங்கியவர். அவருக்கு ஜெனோவாவில் வங்கி வேலை. வேலை என்ன, சம்பளம் எதற்கு என்பது ஊருக்கே தெரியும்.

1913 மே மாதம் கார்பட்டின் பழைய அணியான ரெடிங் இத்தாலிக்குச் சுற்றுப்பயணம் வந்தது. ஜெனோவாவை 4-2, மிலானை 5-0, ப்ரோ வெர்செல்லியை 6-0 என்று அடித்துப் போட்டுவிட்டு, இத்தாலிய தேசிய அணியையும் 2-0 என்று வென்றது. ஒரே ஒரு அணியிடம் தோற்றது: கசாலே, 2-1. அடுத்த ஆண்டு இத்தாலிய சாம்பியன் யார் தெரியுமா, அந்தக் கசாலேதான். ஜெனோவா வடக்குப் பிரிவில் இரண்டாவது. ஆனால் ரெடிங் அடித்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, மராஸியில் கம்புகளை நட்டுக்கொண்டு இந்த ஆள் என்ன செய்கிறார் என்பது புரிந்திருக்கும்.

1915ல் கோப்பை கைக்கு எட்டிய தூரம். வடக்கு இறுதிச் சுற்றில் ஒரே ஆட்டம் பாக்கி, டோரினோவோடு. ஜெனோவா இரண்டு புள்ளி முன்னால், டிரா போதும். மே 23, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆட்டம் தொடங்கவில்லை. இத்தாலி போரில் இறங்கியது, லீக் நின்றது. பட்டம் ஜெனோவாவுக்கு என்று முடிவாவதற்குள் போரே முடிந்துவிட்டது. கார்பட் பழைய பீரங்கிப் படைக்குத் திரும்பினார். அணியின் பழைய கேப்டன் லூயிஜி ஃபெராரிஸ் அந்த ஆகஸ்டிலேயே போர்முனையில் இறந்தார். டாக்டர் ஸ்பென்ஸ்லியும் அதே ஆண்டு ஜெர்மனியில் கைதியாக இருக்கும்போது இறந்துபோனார். மராஸி மைதானத்துக்கு 1933ல் ஃபெராரிஸ் பெயர் வைத்தபோது அவருடைய பதக்கத்தை வடக்குப் பக்கக் கோல்கம்பத்துக்கு அடியில் புதைத்தார்கள்.

ஐந்து ஆட்டம், காலை ஏழு மணி

போருக்குப் பின் கார்பட் திரும்பி வந்தார். கோல்கீப்பர் ஜொவான்னி தெ ப்ரா, நடுக்களத்தில் ஒத்தாவியோ பார்பியேரி, லூயிஜி புர்லாந்தோ, பின்னால் தெ வெக்கி. 1922-23ல் 28 ஆட்டங்கள், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. இறுதியில் லாசியோவை 4-1, 2-0. அந்த ஆண்டே தென்னமெரிக்கப் பயணம். 1924ல் மீண்டும் சாம்பியன், ஒன்பதாவது பட்டம். சாம்பியன் அணி மூவர்ணக் கேடயத்தை, 'ஸ்குதெத்தோ'வை, சட்டையில் தைத்துக்கொள்ளும் வழக்கம் இத்தாலியில் தொடங்கியது அடுத்த சீசனில், ஜெனோவாவின் சட்டையில்.

பத்தாவது வந்திருக்க வேண்டும். 1925ல் வடக்கு இறுதியில் எதிரே பொலோஞா. முதல் ஆட்டத்தில் ஜெனோவா 2-1, இரண்டாவதில் பொலோஞா 2-1. மூன்றாவது ஜூன் 7, மிலானில். ஜெனோவா 2-0 என்று முன்னால் இருந்தது. பொலோஞாவின் முட்சியோலி அடித்த பந்தைத் தெ ப்ரா விரலால் தட்டி வெளியே விட்டதாகச் சொன்னார். நடுவர் மௌரோவும் கார்னர் என்று காட்டினார். கூட்டம் களத்துக்குள் புகுந்தது. அதில் கருஞ்சட்டைக்காரர்கள், முசோலினியின் ஃபாசிஸ்ட் கட்சி ஆட்கள். பொலோஞாவின் ஃபாசிஸ்ட் தலைவர் லெயாந்த்ரோ அர்பினாதி அந்த அணியின் பெரும் ஆதரவாளர். கால் மணி நேரம்போல நெருக்கினார்கள். கார்னர் கோலாக மாறியது. பிறகு 2-2.

கூடுதல் நேரம் ஆட ஜெனோவா மறுத்தது. மறு ஆட்டம் ஜூலை 5, டூரினில், 1-1. ஊர் திரும்பும்போது போர்ட்டா நுவோவா ரயில் நிலையத்தில் இரண்டு ரயில்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பொலோஞா ரசிகர்கள் இருந்த பக்கத்திலிருந்து துப்பாக்கி வெடித்தது. ஜெனோவா ரசிகர்களுக்குக் காயம். கடைசியாக ஆகஸ்ட் 9 அன்று, மிலானின் ஓர் ஓரத்து மைதானத்தில், காலை ஏழு மணிக்கு, பார்வையாளர் யாருமில்லாமல் ஐந்தாவது ஆட்டம். பொலோஞா 2-0. ஜெனோவாவுக்கு அந்தப் பத்தாவது பட்டம் இன்றுவரை வரவில்லை.

அந்த ஏழு மணி ஆட்டம்தான் என் மனதில் நிற்கிறது. வெறும் மைதானம், வெயில் ஏறாத நேரம், கோட்டோரத்தில் பைப்போடு ஒரு மனிதர். பதின்மூன்று வருடத்தில் கம்பு, கயிறு, வெந்நீர் என்று சேர்த்துக் கட்டியது எதுவும் கருஞ்சட்டையை எதிர்த்து நிற்காது என்று அவருக்கு அன்று தெரிந்திருக்கும்.

ஊர் ஊராக

1926ல் இத்தாலியக் கால்பந்துக்குப் புது விதிகள் வகுத்த வியரெஜ்ஜோ சாசனம் வந்தது. ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பது ஒருவழியாக விதிக்குள் வந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. பயிற்சியாளர்களுக்கு அந்தத் தடை இல்லை. 1927ல் கார்பட், புதிதாக உருவான ரோமாவுக்குப் போனார். கோனி கோப்பையை வென்றார். ஜெனோவாவில் அவர் இடத்துக்கு வந்தது தெ வெக்கி, அவர் வளர்த்த ஆள்தான். பார்பியேரியும் பின்னாளில் பயிற்சியாளராகி, 1944ல் போருக்கு நடுவே நடந்த போட்டியில் லா ஸ்பெஸியா தீயணைப்புப் படை அணியை ஜெயிக்க வைத்தார். ஒரு வேலை இப்படித்தான் தொழிலாக மாறுகிறது: முதல் ஆளிடம் பார்த்துப் பழகியவர்கள் இரண்டாவது, மூன்றாவது ஆட்களாக வருகிறார்கள்.

1929லிருந்து ஆறு ஆண்டு நேப்பிள்ஸ். பாரம்பரியம் இல்லாத புது அணி, பணம் போட ஒரு தலைவர், அத்திலா சல்லுஸ்த்ரோ என்ற பராகுவேயில் பிறந்த முன்கள ஆட்டக்காரர். அடுத்தடுத்து இரண்டு சீசன் மூன்றாம் இடம். அந்த நகரத்தில் கார்பட்டும் மனைவி அன்னாவும் ஆதரவற்ற சிறுமி ஒருத்தியைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். 1935ல் பில்பாவோவின் அத்லெடிக். ஒரே சீசன், ஸ்பானிஷ் லீக் பட்டம். பட்டம் வென்றது 1936 ஏப்ரலில், ஜூலையில் அங்கே உள்நாட்டுப் போர். மிலானில் ஓராண்டு இருந்துவிட்டு 1937ல் பழைய இடத்துக்கே திரும்பினார்.

கிளப்பின் பெயர் அதற்குள் மாறியிருந்தது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதுபோல 'Genoa' என்று வைத்திருந்தது முசோலினி ஆட்சிக்குப் பிடிக்காமல், இத்தாலியர்கள் எழுதும் 'Genova' என்று மாற்றவைத்துவிட்டார்கள். கிளப்பின் பெயரிலிருந்த இங்கிலீஷை அகற்றினவர்களுக்கு, பயிற்சியாளரைக் கூப்பிடும் சொல்லிலிருந்ததை அகற்ற முடியவில்லை.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி இங்கிலாந்துமேல் போர் அறிவித்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த நாட்டோடு ஒட்டி வாழ்ந்தவர் ஒரே நாளில் எதிரி நாட்டான். பிடித்து, மனைவியோடு தெற்கு இத்தாலியில் காவலில் வைத்தார்கள். 1944ல் இமோலாவில் இருந்தபோது குண்டுவீச்சில் அன்னா இறந்தார். குண்டு போட்டது நேச நாட்டு விமானங்கள், அதாவது அவருடைய சொந்த நாடு சேர்ந்த பக்கம்.

போர் முடிந்து அறுபதைக் கடந்த வயதில் மறுபடி ஜெனோவா அணியை ஏற்றார், 1948ல் விட்டார். இங்கிலாந்து தன் தேசிய அணிக்கு முதல் மேலாளரை நியமித்தது 1946ல்தான், வால்டர் வின்டர்பாட்டம். அவரும் அணித் தேர்வைக் குழுவிடம் விட்டுவிட்டு, பயிற்சியாளர்களுக்கு வகுப்பு நடத்துவதில் பாதி நேரத்தைக் கழித்தார். கார்பட் ஜெனோவாவுக்குக் கப்பலேறி முப்பத்துநான்கு வருடம் ஆகியிருந்தது.

கடைசிக் காலம் இங்கிலாந்தின் வார்விக்கில் கழிந்தது. 1964 பிப்ரவரி 24 அன்று, 81 வயதில் இறந்தார். இங்கிலாந்தில் அந்தச் சாவு ஏறக்குறைய யாருக்கும் தெரியாமலே போனது. இத்தாலியப் பத்திரிகைகளில் அஞ்சலிக் குறிப்புகள் வந்தன.